கதவு வழியாக வருபவரை ஃபயர்வால் தடுக்காது: நெட்வொர்க் கருவிகளின் நேரடிப் பாதுகாப்பு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அலுவலகங்கள், பள்ளிகள், மருத்துவமனைகள் என்று பல இடங்களில் நெட்வொர்க் பராமரிப்பு வேலை பார்க்கிறேன். பாஸ்வேர்டு பற்றியும் வைரஸ் பற்றியும் எல்லோருக்கும் ஓரளவு தெரிந்திருக்கிறது. ஆனால் அந்த நெட்வொர்க் ஓடும் பெட்டிகள் எங்கே இருக்கின்றன, யார் கை படும் இடத்தில் இருக்கின்றன என்று பேச்சு வந்தால், எங்கே போனாலும் அதே சந்தேகங்கள்தான். கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே அவற்றைத் தொகுத்திருக்கிறேன். எளியவை முதலில், சிக்கலானவை பிறகு.

1. ஃபயர்வால், ஆன்டிவைரஸ் எல்லாம் போட்டாச்சு. அதுக்கு மேல பூட்டும் சாவியும் எதுக்கு?

ஃபயர்வால் பார்ப்பது கேபிள் வழியாக வருவதை மட்டும்தான். அறைக்குள் நடந்து வருபவரை அதற்குத் தெரியாது. அலுவலகங்களுக்கான பெரும்பாலான ரவுட்டர்களிலும், கணினிகளின் கேபிள்களை ஒன்றுசேர்க்கும் சுவிட்ச் என்ற பெட்டிகளிலும் கன்சோல் போர்ட் என்று ஒன்று உண்டு, லேப்டாப்பை நேராக மாட்டிக் கருவியை அமைப்பதற்கான துளை அது. நிர்வாகி பாஸ்வேர்டை மறந்துவிட்டால் மீட்டெடுக்க வேண்டுமே என்று தயாரிப்பாளர்களே ஒரு வழி வைத்திருக்கிறார்கள். கருவியை அணைத்துவிட்டு, கன்சோலில் ஒரு லேப்டாப்பை மாட்டி, மறுபடி ஆன் ஆகும்போது இடையில் நிறுத்தினால், பழைய பாஸ்வேர்டு தெரியாமலே உள்ளே போய்விடலாம். விலை குறைந்த கருவிகளில் இவ்வளவுகூட வேண்டாம். பின்பக்கச் சிறு துளைக்குள் ஒரு குண்டூசியை விட்டுச் சில விநாடிகள் அழுத்தினால் புதிதாக வாங்கிய நிலைக்குத் திரும்பிவிடும். அதன் தொடக்கப் பாஸ்வேர்டு பெரும்பாலும் அடியில் ஒட்டிய ஸ்டிக்கரிலேயே இருக்கும்.

இதைக் குறை என்று சொல்ல முடியாது. அந்த வசதி இல்லாவிட்டால் பாஸ்வேர்டு மறந்த ஒவ்வொரு கருவியையும் தூக்கிப்போட வேண்டியதுதான். கருவியைக் கையால் தொடுகிறவர் அதன் சொந்தக்காரர்தான் என்று நம்பி இதைச் செய்திருக்கிறார்கள். அந்த நம்பிக்கை பொய்யாகாமல் பார்த்துக்கொள்வது நம் பொறுப்பு.

2. எங்களுது சின்ன ஆபீஸ். பத்துப் பேர்தான். எங்ககிட்ட என்ன திருட வரப்போறாங்க?

தரவைத் திருட யாரும் வராமல் இருக்கலாம். ஆனால் லேப்டாப்பை அதன் விலைக்காகத் தூக்கிக்கொண்டு போகிறவரோடு தரவும் சேர்ந்துதான் போகும்.

திருட்டை விடுங்கள். நான் பார்த்த வரையில் சின்ன இடங்களில் சேதம் செய்பவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை. கதவோரம் தரையில் ஒரு ரவுட்டர் இருக்கும். அதன் அடாப்டர் ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகியிருக்கும். அதே பாக்ஸில் கெட்டிலும் போன் சார்ஜரும் இருக்கும். மாலையில் தரை துடைக்க வருபவர் எதையாவது ஒன்றைக் கழற்றித்தான் தன் இயந்திரத்தைச் செருக முடியும். கழற்றியது எது என்று அவருக்கு எப்படித் தெரியும்? மறுநாள் காலையில் இணைப்பு இல்லை என்று எனக்கு அழைப்பு வரும். மேலே ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீர், அலமாரிக்குள் அடைபட்ட சூடு, கேபிளைக் கடிக்கும் எலி எல்லாம் இந்த வகைதான்.

பெரிய நிறுவனங்களின் கருவிகளிலும் இப்படி நடந்திருக்கிறது. சிஸ்கோவின் 3650, 3850 வரிசை சுவிட்ச்களில் முதல் போர்ட்டுக்கு நேர் மேலே மோட் பொத்தான் இருந்தது. ரப்பர் உறை நீண்டிருக்கும் சில வகைக் கேபிள்களை அந்தப் போர்ட்டில் செருகினால் உறை பொத்தானை அழுத்தியபடியே நின்று, சுவிட்ச் தன் அமைப்புகளை இழந்து ரீசெட் ஆகிவிடும். 2013-ல் அந்த நிறுவனமே இதைப் பற்றி எச்சரிக்கை வெளியிட்டது. வேண்டுமென்றே யாரும் எதுவும் செய்யவில்லை, ஒரு கேபிளைச் செருகினார்கள், அவ்வளவுதான்.

3. தனி ரூம் ஒதுக்க இடமே இல்லை. என்ன பண்றது?

பூட்டுள்ள சுவர் ரேக் ஒன்று வாங்குங்கள், கருவிகளை அடுக்கி மாட்டும் இரும்பு அலமாரி அது. ரேக் கருவிகளின் அகலம் உலகம் முழுக்க 19 அங்குலம்தான். உயரத்தை யூ என்ற அளவில் சொல்வார்கள், ஒரு யூ என்பது 44.45 மில்லிமீட்டர். ஒரு சுவிட்ச், ஒரு பேட்ச் பேனல் (சுவர்களிலிருந்து வரும் கேபிள்கள் வந்து முடியும் பலகை), ஒரு ரவுட்டர் வைக்க 6 யூ ரேக்கே தாராளம். ஆனாலும் 9 யூ வாங்கச் சொல்வேன், நடுவில் காற்றுக்கு இடம் வேண்டும்.

அதைச் செங்கல் அல்லது கான்கிரீட் சுவரில் மாட்டுங்கள். பிளைவுட் தடுப்பில் மாட்டினால் சில மாதங்களில் திருகு தளர்ந்து தொங்கும், திருட வருபவரும் ரேக்கோடு பிடுங்கிக்கொண்டு போகலாம். நின்றபடி கை எட்டாத உயரம் நல்லது. ஆனால் கூரையை ஒட்டி வைக்க வேண்டாம், சூடான காற்று அங்கேதான் தங்கும்.

4. ரேக்கோட வந்த பூட்டே போதும்ல?

தெரியாமல் கை வைப்பவரைத் தடுக்கப் போதும். தெரிந்தே வருபவருக்குப் போதாது. ஒரே தயாரிப்பாளர் விற்கும் ரேக்குகள் பலவற்றுக்கும் சாவி ஒன்றேதான். உங்களிடம் இரண்டு ரேக் இருந்தால் சாவியை மாற்றிப் போட்டுப் பாருங்கள். முன்கதவு, பின்கதவு, பக்கத் தகடு மூன்றையும் பாருங்கள். முன்கதவைப் பூட்டிவிட்டு, பக்கத் தகட்டைக் கையாலேயே கழற்றும்படி விட்டிருக்கும் ரேக்குகள் ஏராளம்.

5. ரூம் தனியா இருக்கு. அதுல எதையெல்லாம் கவனிக்கணும்?

முதலில் நிமிர்ந்து மேலே பாருங்கள். ஃபால்ஸ் சீலிங் இருந்தால் ஒரு பலகையைத் தூக்கி, சுவர் உண்மையான கூரை வரை போகிறதா என்று பார்க்க வேண்டும். பல கட்டடங்களில் தடுப்புச் சுவர் ஃபால்ஸ் சீலிங் மட்டத்திலேயே நின்றுவிடும். பக்கத்து அறையில் நாற்காலி போட்டு ஏறினால் மேல்வழியாக இந்த அறைக்குள் இறங்கிவிடலாம். கதவுக்கு எவ்வளவு விலையுயர்ந்த பூட்டு போட்டும் பயனில்லை. கூரைக்கு மேலே தண்ணீர்க் குழாயோ கழிவறையோ இருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துக்கொள்ளுங்கள். இருந்தால் வேறு அறை தேடுவதுதான் நல்லது.

அடுத்து கதவு. கீல் வெளிப்பக்கம் இருந்தால் அதன் ஊசியைத் தட்டிக் கழற்றிக் கதவையே எடுத்துவிடலாம். ஊசியைக் கழற்ற முடியாத வகைக் கீல் போடச் சொல்லுங்கள். உள்ளிருந்து வெளியே வருபவருக்குத் தானாகத் திறக்கும் அசைவு உணரி இருந்தால், அது கதவுக்கு அடியிலுள்ள இடைவெளியைப் பார்த்தபடி இருக்கக் கூடாது. வெளியிலிருந்து அந்த இடைவெளி வழியாக அழுத்தக் காற்று டப்பாவை அடித்தே உணரியை ஏமாற்றிவிடலாம், பாதுகாப்புச் சோதனை செய்பவர்கள் வழக்கமாகச் செய்துகாட்டும் காரியம் இது. கதவில் சர்வர் ரூம் என்று பெயர்ப்பலகை மாட்டத் தேவையே இல்லை. போக வேண்டியவர்களுக்கு இடம் தெரியும்.

இன்னொன்று. அந்த அறையை ஸ்டோர் ரூம் ஆக்காதீர்கள். பழைய அட்டைப்பெட்டி அங்கே இருந்தால் அதை எடுக்க வருபவருக்கெல்லாம் உள்ளே வரக் காரணம் கிடைத்துவிடும். தீப்பிடித்தால் முதலில் எரிவதும் அந்த அட்டைதான்.

6. சாவியா, கார்டா, விரல்ரேகையா? எது நல்லது?

யார் எப்போது வந்தார் என்ற பதிவு சாவியில் இருக்காது. நம்பர் அழுத்தும் பூட்டு என்றால் எல்லோருக்கும் ஒரே நம்பர், நாளாக நாளாக அந்த நாலு பொத்தான்கள் மட்டும் தேய்ந்துபோய் நம்பரைக் காட்டிக்கொடுக்கும். ஆளுக்கொரு கார்டு, யார் கார்டு எப்போது திறந்தது என்ற பதிவு, இவை இரண்டும் இருப்பதே என் விருப்பம்.

ஆனால் எந்தக் கார்டு என்று கேட்டு வாங்க வேண்டும். 125 கிலோஹெர்ட்ஸ் வகைப் பழைய கார்டுகள் தங்கள் எண்ணை அப்படியே ஒலிபரப்புபவை, மலிவான கருவியாலேயே நகல் எடுத்துவிடலாம். மைஃபேர் கிளாசிக் கார்டின் குறியாக்கத்தை (என்கிரிப்ஷன்) நெதர்லாந்தின் ரட்பவுட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2008-லேயே உடைத்துக் காட்டிவிட்டார்கள். இவை இரண்டும் இன்றும் விற்பனையில் இருக்கின்றன. மைஃபேர் டெஸ்ஃபயர் போன்ற பிந்தைய வகைகளைக் கேளுங்கள். விரல்ரேகையைப் பொறுத்தவரை என் தயக்கம் ஒன்றுதான்: கார்டு தொலைந்தால் வேறு கார்டு தரலாம், ரேகையின் நகல் ஒருமுறை வெளியே போனால் மாற்ற வழியில்லை. கார்டோடு சேர்த்து இரண்டாவது சோதனையாக வைத்துக்கொண்டால் சரி.

7. கரண்ட் போனா எலக்ட்ரானிக் பூட்டு திறந்துக்குமா, பூட்டிக்குமா?

இரண்டு வகையும் உண்டு. மின்காந்தப் பூட்டு மின்சாரம் இருக்கும் வரைதான் கதவைப் பிடித்துக்கொண்டிருக்கும், போனதும் விட்டுவிடும். கதவுச் சட்டத்தில் இருந்து தாழ்ப்பாளைப் பிடித்துக்கொள்ளும் ஸ்டிரைக் என்ற பூட்டுகளில், மின்சாரம் போனால் பூட்டியபடியே நிற்கும் வகைகளும் உண்டு. கருவிகள் இருக்கும் அறைக்கு இரண்டாவது வகைதான் பொருத்தம். ஆனால் உள்ளே இருப்பவர் எந்த நிலையிலும் கைப்பிடியைத் திருப்பியே வெளியே வர முடிய வேண்டும். இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. நெருப்பில் ஒருவர் உள்ளே மாட்டிக்கொண்டால் எந்தத் தரவும் அந்த உயிருக்கு ஈடாகாது.

கதவைத் திறக்கும் அமைப்பு உள்ளே இருக்கும் நெட்வொர்க்கையே நம்பியிருக்கிறதா என்றும் பாருங்கள். நெட்வொர்க் விழுந்ததைச் சரிசெய்யப் போகிறவருக்கு, நெட்வொர்க் விழுந்ததாலேயே கதவு திறக்காமல் போகலாம். 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக் சுமார் 6 மணி நேரம் உலகம் முழுக்க முடங்கியது. தரவு மையங்களுக்குள் நுழைவது கடினமாக அமைக்கப்பட்டிருந்ததும், உள்ளே போன பிறகு கருவிகளில் மாற்றம் செய்வது கடினமாக இருந்ததும் தாமதத்துக்குக் காரணங்கள் என்று அந்த நிறுவனமே விளக்கம் எழுதியது. ஆகவே சாதாரணச் சாவி ஒன்று, பொறுப்பான இடத்தில், உறையிலிட்டு இருக்கட்டும்.

8. நான் கதவைத் திறக்கும்போது கூடவே ஒருத்தர் வந்துடறார். தடுக்கக் கூச்சமா இருக்கு.

இந்தக் கூச்சம் எல்லோருக்கும் உண்டு, அதை நம்பித்தான் பலர் உள்ளே வருகிறார்கள். கையில் ஏணியோ பெரிய பெட்டியோ வைத்திருப்பவருக்கு நாமே கதவைப் பிடித்துக்கொள்வோம். தனியாள் தைரியத்தை நம்பாமல் அலுவலக விதியாக்கிவிடுவதுதான் வழி. மேலாளர் உட்பட எல்லோரும் தங்கள் கார்டைக் காட்டித்தான் வர வேண்டும் என்று இருந்தால், "கார்டு காட்டுங்க சார்" என்று சொல்வதில் மரியாதைக்குறைவு ஏதும் இல்லை.

வெளியிலிருந்து வரும் டெக்னீஷியன் விஷயத்தில், வருவதற்கு முன்பே யார் வரச் சொன்னார் என்பது பதிவில் இருக்க வேண்டும். அவர் தரும் போன் எண்ணுக்கு அழைத்து உறுதி செய்யாதீர்கள், உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் எண்ணுக்கு அழையுங்கள். வேலை முடியும் வரை ஒருவர் கூடவே நிற்கட்டும்.

9. கேமரா வெச்சுட்டா போதாதா?

கேமரா எதையும் தடுப்பதில்லை, நடந்ததைப் பிறகு காட்டும். அதுவும் பதிவுப் பெட்டி அதே அறையில் இருந்தால், திருடுபவர் அதையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போய்விடுவார். வேறு இடத்தில் வையுங்கள். அதன் கடிகாரம் சரியாக ஓட வேண்டும். கதவுப் பதிவில் ஒரு நேரம், கேமராவில் இன்னொரு நேரம் என்றால் இரண்டையும் பொருத்திப் பார்க்கவே முடியாது. நம்பர் பூட்டையோ கீபோர்டையோ கேமரா நேராகப் பார்க்கக் கூடாது.

கேமராவும் ஒரு கணினிதான் என்பதை மறந்துவிடுகிறோம். 2016-ல் மிராய் என்ற தீநிரல் தொடக்கப் பாஸ்வேர்டு மாற்றப்படாத கேமராக்களையும் பதிவுப் பெட்டிகளையும் லட்சக்கணக்கில் பிடித்து, பெரிய இணையதளங்களையே முடக்கியது. கேமராக்களைத் தனி விலானில் (அதே சுவிட்ச்சுக்குள் பிரித்து வைத்த தனி நெட்வொர்க்) போடுங்கள், இணையத்துக்கு நேராகத் திறந்துவிடாதீர்கள்.

10. மீட்டிங் ரூம்லயும் வரவேற்பறையிலயும் சும்மா இருக்கிற நெட்வொர்க் பாயின்ட் ஆபத்தா?

ஆபத்துதான். காத்திருக்கும் விருந்தாளி சோபாவுக்குப் பின்னால் கைவிட்டு ஒரு சின்னப் பெட்டியைச் செருகிவிட்டுப் போக ஒரு நிமிடம்கூட ஆகாது. நாஸாவின் ஜெட் ப்ரொபல்ஷன் ஆய்வகத்தில் 2018-ல் நடந்த ஊடுருவலை ஆராய்ந்தபோது, அனுமதியில்லாமல் நெட்வொர்க்கில் இணைந்திருந்த ராஸ்பெரி பை ஒன்று அதற்கு வழியாக இருந்தது தெரியவந்தது. சுமார் 500 மெகாபைட் தரவு போனதாக 2019-ல் வந்த தணிக்கை அறிக்கை சொல்கிறது. உள்ளங்கையில் அடங்கும் அந்தக் கணினியைப் பற்றிப் பாதுகாப்புப் பிரிவுக்குத் தெரியவே தெரியாது.

பயன்படாத பாயின்ட்களைப் பேட்ச் பேனலிலேயே கழற்றிவிடுங்கள். செலவே இல்லாத வேலை. சுவிட்சிலும் அந்தப் போர்ட்களை அணைத்து வையுங்கள். வசதி இருந்தால் 802.1எக்ஸ் போடலாம், கேபிளைச் செருகினாலும் அடையாளச் சான்று காட்டாமல் உள்ளே விடாது.

11. மேக் முகவரி வெச்சு போர்ட்டை லாக் பண்ணிட்டேன். அது போதும்தானே?

தெரியாமல் செருகுபவரைத் தடுக்கும், அந்த அளவில் நல்லது. ஆனால் ஒவ்வொரு நெட்வொர்க் கருவிக்கும் உள்ள அடையாள எண்ணான மேக் முகவரி ரகசியம் இல்லை. பிரின்டரின் பின்னால் ஸ்டிக்கரிலேயே அச்சடித்திருக்கும். அதைப் படித்துத் தன் லேப்டாப்புக்கு அதே முகவரியைக் கொடுத்து, பிரின்டர் கேபிளைக் கழற்றித் தன்னுடையதில் செருகினால் சுவிட்ச் அவரைப் பிரின்டர் என்றே நம்பும். எனவே பிரின்டர் இருக்கும் விலானிலிருந்து சர்வருக்குப் போகும் வழியைத் தேவையான அளவுக்கு மட்டும் திறந்து வையுங்கள்.

12. வெளிச்சுவர்ல கேமராவும் ஆக்சஸ் பாயின்ட்டும் மாட்டியிருக்கு. அதுவும் அப்படித்தானா?

ஆமாம், இன்னும் மோசம். அவற்றுக்குப் போகும் கேபிள் உங்கள் நெட்வொர்க்கின் ஒரு முனை, அது தெருவைப் பார்த்துத் தொங்குகிறது. கழற்றினால் கையில் கிடைப்பது உயிருள்ள போர்ட். பத்தாவது பதிலில் சொன்ன 802.1எக்ஸ், ஒன்பதாவதில் சொன்ன தனி விலான் இரண்டும் இங்கே கட்டாயம். கேபிள் வெளியே தெரியாமல் சுவருக்குள்ளிருந்தே கருவிக்குள் நுழையும்படி மாட்டச் சொல்லுங்கள்.

13. கீழே கிடந்த பென்டிரைவைச் செருகிப் பார்த்தா என்ன ஆகிடும்? படத்துல வர்ற மாதிரியெல்லாம் நடக்குமா?

நடக்கும். அமெரிக்காவின் இல்லினாய்ஸ் பல்கலைக்கழக வளாகத்தில் ஆய்வாளர்கள் 297 டிரைவ்களை அங்கங்கே போட்டு வைத்தார்கள். குறைந்தது 45 சதவீத டிரைவ்களில் இருந்த கோப்புகள் திறக்கப்பட்டன. முடிவுகள் 2016-ல் வெளியாயின. எடுத்தவர்களில் பலர் உரியவரைக் கண்டுபிடித்துக் கொடுக்கும் நல்ல எண்ணத்தில்தான் திறந்தார்கள்.

பென்டிரைவ் போலவே இருந்துகொண்டு தன்னைக் கீபோர்டு என்று அறிமுகப்படுத்திக் கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் சாதனங்களும் உண்டு, அவற்றை ஆன்டிவைரஸ் பிடிப்பது கடினம். வரவேற்பறைக் கணினிகளில் பயன்படாத யூஎஸ்பி போர்ட்களை மூடிகளால் அடைத்துவிடுங்கள். கீபோர்டு கேபிளுக்கும் கணினிக்கும் நடுவே விரல்நுனி அளவில் புதிதாக ஏதாவது முளைத்திருக்கிறதா என்று அவ்வப்போது பின்பக்கம் பாருங்கள்.

14. சர்வர் ரூம் ஏசியை 16-ல வெச்சிருக்கோம். நல்லதுதானே?

தேவையில்லை. கருவிக்குள் போகும் காற்று 18 முதல் 27 டிகிரி செல்சியஸ் வரை இருக்கலாம் என்பது குளிரூட்டல் பொறியாளர்களின் சங்கமான ஆஷ்ரே அமைப்பின் பரிந்துரை. முக்கியமான சொல் "உள்ளே போகும்" என்பது. சுவரில் மாட்டிய தெர்மாமீட்டர் 22 காட்டும்போதே, ரேக்கின் முன்பக்கம் மேல்தட்டில் 32 இருக்கலாம். அங்கேதான் அளக்க வேண்டும். ரேக்கில் காலியாக இருக்கும் இடங்களை வெற்றுத் தகடுகளால் மூடினாலே பின்பக்கச் சூடு முன்னால் சுழன்று வருவது குறையும்.

ஏசியின் உள்பெட்டி ரேக்குக்கு நேர் மேலே இருக்கக் கூடாது. வடிகுழாய் அடைத்தால் தண்ணீர் எங்கே விழும் என்று ஒருமுறை நினைத்துப் பாருங்கள்.

15. யூபிஎஸ் இருந்தும் கரண்ட் போனதும் எல்லாம் அணைஞ்சுடுச்சு. ஏன்?

பெரும்பாலும் பேட்டரி. சாதாரண ஈய அமில பேட்டரி 25 டிகிரியில் 3 முதல் 5 ஆண்டு வரை உழைக்கும். சூடு 10 டிகிரி கூடினால் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகிவிடும், எனவே முந்தைய பதிலில் சொன்ன மேல்தட்டில் யூபிஎஸ் வைக்க வேண்டாம். எடையும் அதிகம், கீழ்த்தட்டே அதன் இடம். பேட்டரி மாற்றிய தேதியை அதன் மேலேயே எழுதி ஒட்டுங்கள்.

சில இடங்களில் பேட்டரி நன்றாகவே இருக்கும். சர்வர் ஓடும், ஆனால் இடையில் இருக்கும் சுவிட்சோ இணைய இணைப்பு தரும் பெட்டியோ சாதாரண பிளக்கில் இருக்கும். ஒரு விடுமுறை நாளில், சொல்லி வைத்துவிட்டு, மெயின் சுவிட்சை இறக்கிப் பாருங்கள். எது அணைகிறது என்று கண்ணெதிரே தெரிந்துவிடும்.

16. பக்கத்துக் கட்டடத்துக்கும் கேபிள் இழுத்திருக்கோம். இடி இடிச்சா போர்ட் எரிஞ்சுபோகுது.

தாமிரக் கேபிளை எடுத்துவிட்டு ஃபைபர் போடுங்கள். கண்ணாடி இழை மின்சாரத்தைக் கடத்தாது, இரண்டு கட்டடங்களின் எர்த்திங் வேறுபாடும் பிரச்சினையாகாது. உள்ளே உலோகக் கம்பியோ கவசமோ இல்லாத ஃபைபராகக் கேட்டு வாங்குங்கள்.

17. தீ அணைக்க எதை வைக்கலாம்?

பவுடர் வேண்டாம். பொதுவாகக் கிடைக்கும் ஏபிசி பவுடர் தீயை அணைக்கும், ஆனால் சர்க்யூட் போர்டில் படிந்து ஈரத்தோடு சேர்ந்து அரிக்கும். எரியாத கருவியும் அதனால் கெட்டுப்போகும். கையால் இயக்கும் கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் கறை விடாது. ஆனால் சிறிய மூடிய அறையில் மூச்சு முட்டும், கதவோரம் நின்று அடித்துவிட்டு உடனே வெளியே வந்துவிட வேண்டும். அதைவிட முக்கியம் புகை உணரி.

பெரிய அறைகளில் தானாக வாயு நிரப்பும் அமைப்பு வைப்பார்கள். அதிலும் ஒரு கவனம் வேண்டும். 2016 செப்டம்பரில் புக்காரெஸ்ட் நகரில் ஐஎன்ஜி வங்கியின் தரவு மையத்தில் அந்த அமைப்பைச் சோதித்தபோது, வாயு பீறிட்ட பேரொலியின் அதிர்வே ஹார்ட் டிஸ்குகளைக் கெடுத்துவிட்டது. வங்கிச் சேவை சுமார் 10 மணி நேரம் நின்றது. சத்தம் குறைந்த நாசில்கள் வந்திருக்கின்றன, அமைப்பவரிடம் கேளுங்கள்.

18. தினமும் பேக்கப் எடுத்து சர்வர் பக்கத்துலயே ஹார்ட் டிஸ்க்கில வெச்சிருக்கேன். தப்பா?

எடுப்பது நல்ல பழக்கம். வைத்திருக்கும் இடம்தான் தப்பு. 2021 மார்ச் 10 அன்று பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் ஓவிஹெச் நிறுவனத்தின் தரவு மையக் கட்டடம் ஒன்று முழுதாக எரிந்தது. பேக்கப்பும் அதே வளாகத்தில் இருந்த சிலர் இரண்டையும் இழந்தார்கள். 2025 செப்டம்பர் 26 அன்று தென் கொரியாவின் தேஜோன் நகரில் அரசுத் தரவு மையத்தில் லித்தியம் பேட்டரிகளை இடம் மாற்றும் வேலையின்போது தீப்பிடித்தது. அரசு ஊழியர்கள் கோப்புகளை வைத்திருந்த ஜி-டிரைவில் 858 டெராபைட் தரவு போய்விட்டது. வெளியில் வேறு நகல் இல்லை.

மூன்று நகல், இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு கட்டடத்தில் என்ற பழைய கணக்கு இன்றும் சரியாகவே இருக்கிறது. வெளியே போகும் நகலைக் குறியாக்கம் செய்து அனுப்புங்கள். சுவிட்ச், ஃபயர்வால் அமைப்புக் கோப்புகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள், பலர் இதை விட்டுவிடுகிறார்கள்.

19. டிஸ்க் முழுக்க என்கிரிப்ட் பண்ணியாச்சு. திருடு போனாலும் கவலை இல்லைதானே?

அணைந்திருக்கும்போது திருடு போனால் பெருமளவு சரி. ஓடிக்கொண்டிருக்கும் கணினியில் குறியாக்கத்தைத் திறக்கும் சாவி நினைவகத்தில் (ரேம்) இருக்கும். மின்சாரம் போன பிறகும் நினைவகத்தில் தரவு சில விநாடிகள் தங்கும், குளிரூட்டினால் இன்னும் நேரம் நீளும் என்பதையும், அதிலிருந்து சாவியை எடுக்கலாம் என்பதையும் பிரின்ஸ்டன் ஆய்வாளர்கள் 2008-ல் நிரூபித்தார்கள். ஸ்லீப்பில் போட்டுப் பையில் வைத்த லேப்டாப் அணைந்த லேப்டாப் அல்ல. பயணத்தின்போது முழுதாக அணையுங்கள். கணினி எழும்போதே ரகசியப் பின் எண் கேட்கும்படி அமையுங்கள், மதர்போர்டிலுள்ள சிப் மட்டும் தானாகச் சாவியைக் கொடுத்துவிடும் அமைப்பு அதைவிடப் பலவீனம்.

20. பழைய சுவிட்ச், சர்வரை விக்கலாமா? ஃபார்மட் பண்ணிட்டேன்.

விற்கலாம், ஆனால் ஃபார்மட் போதாது. மார்கன் ஸ்டான்லி என்ற அமெரிக்க நிதி நிறுவனம் பழைய டிஸ்குகளை அழிக்கும் வேலையை, அந்த அனுபவமே இல்லாத ஒரு பொருள் இடமாற்ற நிறுவனத்திடம் கொடுத்தது. வாடிக்கையாளர் தரவு அழிக்கப்படாத டிஸ்குகள் இணைய ஏலத்துக்கே வந்துவிட்டன. 2022-ல் அமெரிக்கப் பங்குச்சந்தை ஆணையத்துக்கு 35 மில்லியன் டாலர் கட்ட வேண்டியதாயிற்று. 2023-ல் ஆன்டிவைரஸ் தயாரிக்கும் எசெட் நிறுவன ஆய்வாளர்கள் பழைய ரவுட்டர்கள் சிலவற்றை வாங்கிப் பார்த்ததில், பாதிக்கு மேற்பட்டவற்றில் முந்தைய உரிமையாளரின் நெட்வொர்க் விவரங்கள் அப்படியே இருந்தன.

அழிப்பதற்கு அமெரிக்க அரசின் தர அமைப்பான நிஸ்ட் வெளியிட்ட 800-88 வழிகாட்டியைப் பின்பற்றுங்கள். ஹார்ட் டிஸ்க் வேறு, எஸ்எஸ்டி வேறு. காந்தம் காட்டி அழிப்பது எஸ்எஸ்டியில் வேலை செய்யாது, அதில் இருப்பது காந்தப்பதிவே அல்ல. மேலெழுதுவதும் எல்லா மூலைக்கும் போய்ச் சேராது, தயாரிப்பாளர் தரும் அழிப்புக் கட்டளையைப் பயன்படுத்துங்கள். முதல் நாளிலிருந்தே குறியாக்கம் செய்த டிஸ்க் என்றால் சாவியை அழித்தாலே போதும். கெட்டுப்போய் இயங்காத டிஸ்க்கை உடைத்துத்தான் ஆக வேண்டும், வாரன்ட்டிக்கு அனுப்பும் முன் இதை யோசியுங்கள்.

21. எல்லாத்தையும் கிளவுடுக்கு மாத்திட்டோம். இனி இந்தத் தலைவலி இல்லையே?

சர்வர் பாதுகாப்பு அவர்கள் பொறுப்பாகிவிட்டது, அது பெரிய நிம்மதிதான். ரவுட்டரும் சுவிட்ச்சும் இன்னும் உங்களிடம்தான் இருக்கின்றன. கிளவுடின் நிர்வாகக் கணக்கு திறந்திருக்கும் லேப்டாப்பும் உங்கள் மேசையில்தான். முன்பு சர்வர் ரூமுக்கு இருந்த மதிப்பு இப்போது அந்த லேப்டாப்புக்கு வந்துவிட்டது. முந்தைய பதில்களில் 1, 10, 19 மூன்றையும் மறுபடி படியுங்கள்.

22. எல்லாச் சாவியும் எங்க அட்மின்கிட்டதான் இருக்கு. அவர் நம்பிக்கையான ஆள். அப்புறம் என்ன?

அவரை நம்புங்கள். ஆனாலும் அவருக்கு உடம்பு முடியாமல் போகலாம், வேறு வேலைக்குப் போகலாம். இரண்டாவது சாவியையும் அவசரப் பாஸ்வேர்டையும் ஒட்டிய உறையில் போட்டு, மேல் கையெழுத்து வாங்கி, நிர்வாகத்தின் பெட்டகத்தில் வையுங்கள். உறை திறந்தால் தெரியும். ஒருவர் வேலையை விட்டுப் போகும்போது கணினிக் கணக்கை மூடும் அதே நாளில் கார்டும் ரத்தாக வேண்டும், பொது நம்பர் மாற வேண்டும். இது அட்மினுக்கும் பாதுகாப்பு: பின்னால் ஏதாவது நடந்தால் அவர் மேல் சந்தேகம் வராது.

23. இதையெல்லாம் செய்யப் பணம் இல்லை. முதல்ல எதைச் செய்யணும்?

பணம் கேட்காதவற்றை. பயன்படாத போர்ட்டைக் கழற்றுவது, தரையிலிருக்கும் ரவுட்டரை மேலே ஏற்றுவது, அதன் பிளக்கில் "கழற்றாதீர்" என்று ஒட்டுவது, அறையிலுள்ள அட்டைப்பெட்டிகளை வெளியேற்றுவது. பிறகு பேக்கப் நகல் ஒன்றை வேறு கட்டடத்துக்கு அனுப்புங்கள். பூட்டுள்ள ரேக், புகை உணரி, யூபிஎஸ் பேட்டரி அடுத்து. கார்டுக் கதவும் கேமராவும் இவற்றுக்குப் பின்னால்தான். பலர் கேமராவில் தொடங்குகிறார்கள், கண்ணுக்குத் தெரிவதால். நான் அப்படிச் செய்ய மாட்டேன்.

24. ரேக்கை யாரோ திறந்திருக்காங்கன்னு சந்தேகம். எப்படிக் கண்டுபிடிக்கிறது?

ஒப்பிட்டுப் பார்க்க முன்பே ஏதாவது இருந்தால்தான் முடியும். ஆகவே இன்றைக்கே ரேக்கை முன்னும் பின்னும் போட்டோ எடுத்து வையுங்கள், ஒவ்வொரு கேபிளும் எங்கே போகிறது என்று தெரியும்படி. எண் அச்சடித்த முத்திரை ஸ்டிக்கரைக் கதவின் இணைப்பில் ஒட்டி, எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். சுவிட்சின் பதிவுகளை வேறு சர்வருக்கு அனுப்பும்படி அமையுங்கள். எந்தப் போர்ட் எத்தனை மணிக்கு விழுந்து எழுந்தது, கருவி எப்போது மறுதொடக்கம் ஆனது என்று அதில் இருக்கும். கன்சோல் வழியாக உள்ளே வர அணைத்துப் போட வேண்டும் என்று முதல் பதிலில் சொன்னேனே, யாருக்கும் தெரியாமல் இரவு நடந்த ஒரு மறுதொடக்கம் அதன் தடயமாக இருக்கலாம்.

தெரியாத பெட்டி ஒன்று இணைந்திருப்பதைப் பார்த்தால் பிடுங்கிவிடாதீர்கள். இருக்கும் நிலையில் போட்டோ எடுங்கள். எந்தப் போர்ட், என்ன மேக் முகவரி என்று குறித்துக்கொண்டு, அதைத் தனிமைப்படுத்திய ஒரு விலானுக்கு மாற்றுங்கள். மின்சாரத்தை எடுத்தால் அதன் நினைவகத்தில் இருப்பது போய்விடும். பிறகு அந்த அறைக்குள் வந்தவர்களின் கதவுப் பதிவையும் கேமராப் பதிவையும் உடனே நகல் எடுத்துவிடுங்கள், பெரும்பாலான பதிவுப் பெட்டிகள் இடம் நிறைந்ததும் பழையதன் மேலேயே எழுதிவிடும்.